மஞ்சள் குடித்த வண்டி

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது நாலு பிள்ளைகள். மூன்று பையன்கள் தரையில் இருக்கிறார்கள், ஒரு பெண் மலைமேல் இருக்கிறாள். மூன்றாம் வகுப்புவரை போனேன், அதோடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் முடிய ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும், எனக்கு என்ன அவசரம்? இதை நான் சொல்ல இன்னொருத்தர் எழுதவில்லை. என் கையாலேயே எழுதுகிறேன். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

போன இடம் வண்டிப்பெரியார். தேனியில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். எனக்கு மூன்று நாள் ஆனது. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஆனது. அதையும் கணக்கில் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

எங்கள் பெண் செல்வி கூடப் படித்த மலையாளப் பையனைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனாள். அன்றைக்குப் பங்காளிகள் எல்லாரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டியவர். உருண்டை மூக்கு வைத்த வெள்ளை டீசல் கார். மேகமலைக்கு ஜீப்பே முனகிக்கொண்டு போன காலத்தில் அந்தக் காரை ஏற்றிக் காட்டியவர். அவர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாரும் கேட்க, “என் வண்டி அந்த மலை ஏறாது” என்றார். ‘நான் போகமாட்டேன்’ என்று சொல்லவில்லை. வண்டி ஏறாது என்றுதான் சொன்னார். எங்கள் பக்கத்தில் நாலு பேர் முன்னால் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அதைத் திரும்ப எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

நாளாக நாளாகக் கோபம் வடிந்தது எனக்குத் தெரியும். கூடப் படுத்து எழுந்தவளுக்குத் தெரியாதா? “பிள்ளைய ஒரு எட்டுப் பாத்துட்டு வருவமா?” என்று கேட்பேன். “போவோம் பிள்ள. வண்டி ஏத்தத்துல சூடாகுது. எங்கனயோ தண்ணி ஒழுகுது. சரி பண்ணிட்டுப் போவோம்” என்பார். தீபாவளிக்குக் கேட்டாலும் அதுதான், பொங்கலுக்குக் கேட்டாலும் அதுதான். வண்டி சரியாகவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார்.

செல்வி வந்தாள். காலடியில் நின்றாள். சாயங்காலப் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். வாசல்படி தாண்டும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: “அப்பா ஒருதரம்கூட எட்டிப் பாக்கலியேம்மா.”

போனால் அந்தக் காரில்தான் போவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். வண்டி மலை ஏறாது என்பதுதானே சொல்? வண்டியை ஏற்றிவிட்டால் சொல் எடுபட்டுப் போகும்.

நடுப்பையன் சேகர் தேனியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அவனுக்கு என் யோசனை பிடிக்கவில்லை. “ஆத்தா, பஸ்ல போவோம். குஷன் சீட்டு இருக்கு, ஜன்னல் இருக்கு.” நான் மாட்டேன் என்றேன். மூன்று மெக்கானிக்கிடம் காட்டினான். ஒருத்தர் ஃபேன் பெல்ட்டை மாற்றினார். ஒருத்தர் வாட்டர் பம்பை மாற்றினார். தண்ணீர் மஞ்சளாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, பழைய வண்டி, துரு என்று சொல்லிவிட்டார். மூன்றாமவர் தெர்மோஸ்டாட் என்று ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தேனிக்குள் எவ்வளவு சுற்றினாலும் சூட்டு முள் அசையாது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறினால் பொங்கிவிடும்.

கடைசியில் சேகர் சொன்னான்: “பரீட்சை லீவு விட்டாச்சு, கூட்டிட்டுப் போறேன். ஆனா இந்த மாசத்தோட வண்டிப் பேப்பர் முடியுது. இந்தத் தடவை மலையில நின்னுச்சுன்னா பழைய இரும்புக் கடைக்குப் போன் போட்டுருவேன். அப்பறம் நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“சரி” என்றேன்.

முதல் நாள். விடிந்ததும் கிளம்பினோம். நான் முன் சீட்டில், எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். மடியில் இட்லித் தூக்கு. வீரபாண்டி தாண்டும்வரை சேகர் முள்ளையே பார்த்து ஓட்டினான். ரோட்டைப் பார் என்று ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

சின்னமனூரில் டீ குடிக்க நிறுத்தினோம். மேகமலைக்குப் பிரிகிற ரோடு அங்கேதான். அந்தப் பக்கம் திரும்பாமல் இந்தக் கார் நேரே போனது எனக்கே புதுசாக இருந்தது. டீக்கடையில் ரெண்டு பேர் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

“இந்தக் காரு இன்னும் ஓடுதா மாப்ள?”

“காரை விடு. ஆத்தா உக்காந்திருக்கிற தோரணையப் பாரு. கலெக்டரு விசிட்டு வந்த மாதிரி.”

கேலிதான். ஆனாலும் நான் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன்.

உத்தமபாளையம் தாண்டினால் ரெண்டு பக்கமும் பச்சை. நெல், வாழை, தென்னை, அப்புறம் கம்பத்துத் திராட்சைப் பந்தல். ரோட்டோரத்தில் கூடை கூடையாகப் பன்னீர்த் திராட்சை வைத்து விற்றார்கள். சேகர் “வாங்கவா?” என்று கேட்டான். மலையில் கிடைக்காத பழமா, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் புத்தி எவ்வளவு மட்டம் என்பது பின்னால் தெரியும்.

லோயர் கேம்ப்பில் தரை முடிகிறது. அணைத் தண்ணீரைக் கரண்டுக்காக இறக்கும் பெரிய குழாய்கள் மலைமேலிருந்து வரிசையாக வருகின்றன. அதற்கு மேலே குமுளி. சேகர் சாமியைக் கும்பிட்டு இரண்டாவது கியர் போட்டான்.

நாலாவது வளைவிலேயே முள் எழுந்தது. ஆறாவது வளைவில் சிவப்பைத் தொட்டது. கார் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. அதோடு ஒரு வாசமும் வந்தது, பண்டிகை நாள் அடுக்களை மாதிரி. காருக்குள் இது எப்படி என்று யோசிப்பதற்குள் சேகர் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்துவிட்டான். துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான்.

மேலேயிருந்து வந்த லாரி டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார். “ஏலே! தொறக்காதடா! மூஞ்சி வெந்துரும்! அரைமணி நேரம் சும்மா நில்லு!”

சும்மா நின்றோம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்று, பிந்திப்போனது, எங்களை உரசிக்கொண்டு ஏறியது. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி கூவினாள்: “ஏ ஆத்தா, அடுப்பெரிக்கக் கார்தான் கெடச்சுதா? சோறு வெந்துருச்சா?”

“இறங்கி வாடீ, ஒனக்கும் ஒரு உருண்டை வச்சிருக்கேன்” என்றேன். ஜீப்பே சிரித்தது. சேகர் சிரிக்கவில்லை. போனைக் கையில் எடுத்து, பார்த்து, பையில் போட்டான். இரும்புக் கடை நம்பர்தான் என்று எனக்குத் தெரிந்தது.

“மலையிலதான் நின்னுருக்கு” என்றேன். “இறக்கிட்டுப் போயி ஒரே ஒரு மெக்கானிக்கிட்டக் காட்டு. அவரும் ஆகாதுன்னா போன் போடு.”

ஆறினபிறகு தண்ணீர் ஊற்றி, திருப்பி, கியரில் மெல்ல இறக்கி லோயர் கேம்ப்புக்கே வந்தோம். ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை. மெக்கானிக் பெயர் காதர் பாய், உத்தமபாளையத்துக்காரர், அறுபது இருக்கும். வண்டியைக் கண்டதும் எழுந்து வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். நம்பர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர், கேட்காமல் பெஞ்சைத் தட்டி, “உக்காருங்கத்தா” என்றார்.

தேனியில் மூன்று பேரும் முதலில் ஸ்பேனரைத்தான் எடுத்தார்கள். இவர் கேள்வி கேட்டார். வைத்தியர் மாதிரி.

“நிக்கிறப்பச் சூடாகுதா, ஓடுறப்பவா?”

“ஏத்தத்துல மட்டும் பாய். சிக்னல்ல எவ்வளவு நேரம் நின்னாலும் ஒண்ணுமில்ல” என்றான் சேகர்.

“அப்ப ஃபேன் கோளாறு இல்ல. ஃபேன்னா நிக்கிறப்பத்தான் காட்டிக்கொடுக்கும். பாரம் இழுக்கிறப்ப மட்டும் ஆத்த முடியலைன்னா, தண்ணி போற வழியில எங்கனயோ மறிக்குது. எதுக்கும் கேஸ்கட்டையும் பாத்துருவோம்.”

ஆயில் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். “பால் டீ நெறத்துல வந்தா ஆயிலும் தண்ணியும் கலந்துருச்சுன்னு அர்த்தம். எஞ்சினை இறக்கணும். கருப்பாத்தான் இருக்கு, நல்லது.” பிறகு ஆறின ரேடியேட்டரின் மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டார். வாய்க்குள் டார்ச் அடித்தபடி, “குமிழி வருதான்னு பாக்கிறேன். வரல” என்றார். சேகர் மூச்சை விட்டான். நானும்தான்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும் என்று விட்டு, அணைத்து, ஒரு கோணித்துணியை நனைத்து ரேடியேட்டரின் முகம் முழுக்கத் தண்ணீர் தெளித்தார். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். ரெண்டு ஓரமும் உடனே காய்ந்தது. நடுவில் முறம் அகலத்துக்கு ஈரம் அப்படியே நின்றது.

“பாத்தீகளா? ஈரம் காயாத எடத்துல சுடுதண்ணியே ஓடல. உள்ள குழாயெல்லாம் அடைச்சுக்கிருச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறோமே, அதே பரீட்சைதான். அறுபது வருஷமாகத் தினம் செய்கிறேன். காருக்கும் அதுதான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

கீழே இருந்த ரப்பர் குழாயைக் கழற்றினார். தண்ணீர் வந்தது, அப்புறம் சேறு வந்தது. மஞ்சள் சேறு. விரலில் எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார். “துருன்னு யாரு சொன்னது? துருவுக்கு ஏது வாசம்? இது சமையல் மஞ்சத்தூளு.”

நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நடுவழியில் ரேடியேட்டரில் ஊசித்துளை விழுந்து ஒழுகினால், ஒரு கை மஞ்சள் தூளைப் போடுவார்கள். அது போய்த் துளையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். ஊர் வந்து சேரலாம். என் வீட்டுக்காரரும் எப்போதோ மேகமலைப் பாதையில் செய்து, அதைப் பெரிய சாகசமாக வந்து சொல்லியிருக்கிறார்.

“எங்கப்பாதான் போட்டுருப்பாக” என்றான் சேகர். “ஒழுகுது ஒழுகுதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக. பாருங்க பாய், ஊருக்கே வண்டி வைத்தியம் சொன்ன மனுசன், சொந்த வண்டியக் கொன்னு வச்சிருக்காக.”

வாயைத் திறக்கிற நேரம் அதுதான் என்று தெரிந்தும் திறக்கவில்லை.

ரேடியேட்டரைக் கழற்றி, தலையைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். கம்பத்தில் அதற்கென்று ஒருத்தர் இருக்கிறார், நாளைக்குத்தான் ஆகும் என்றார் காதர் பாய். கூடலூரில் என் சின்னம்மா மகள் வீட்டுக்குப் போனோம். சாயங்காலம் ஆட்டுக்கறிக் குழம்பும் பரோட்டாவும் வைத்தாள். நல்ல ருசி. சேகர் அங்கேயும் அப்பா மஞ்சள் போட்ட கதையைச் சொன்னான். வீடே சிரித்தது. “மாமா வண்டிக்கு மஞ்ச நீராட்டு விழா நடத்திட்டாக” என்று ஒருத்தி சொன்னாள். நான் ரெண்டாவது பரோட்டாவைச் சேகர் பக்கம் தள்ளிவிட்டேன்.

இரண்டாம் நாள். சேகர் ரேடியேட்டரை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு கம்பத்துக்குப் பஸ் ஏறினான். நான் கொட்டகைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். காதர் பாய் ஒரு பைக்கை அக்கக்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். பாதி டீ முடியும்வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

“பாய், அந்த மஞ்சத்தூளு அவுக போடல. நான் போட்டது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

சொன்னேன். அவர் போனபின் வண்டி படுத்துவிடக் கூடாதென்று வெள்ளிக்கிழமை தோறும் சேகர் வந்து பத்து நிமிஷம் எஞ்சினை ஓட்டிவிட்டுப் போவான். அவன் வருவதற்கு முன்னால், நிலைப்படிக்கு மஞ்சள் பூசின கையோடு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து நான் ஒரு கரண்டி போட்டுவிடுவேன். ஒழுகுகிற வண்டி ஆயிற்றே. ஒழுகல் நின்றால்தானே மலை ஏறும்? மலை ஏறினால்தானே மகளைப் பார்க்கலாம்? ரெண்டு வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை.

காதர் பாய் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“ஆத்தா, நேத்துக் கழட்டினதும் ரேடியேட்டரை நான் தடவித் தடவிப் பாத்தேன். அதுல ஒழுகலே இல்ல. ஒரு ஒட்டு இல்ல, பத்தவச்ச தடம் இல்ல. அது ஒழுகினதே இல்ல.”

“ஒழுகுது, சூடாகுதுன்னு அவுக வாயாலயே சொன்னாகளே?”

“எங்கிட்டயும் சொன்னாக” என்றார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சின் அந்த ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். நேற்று நம்பர் பலகையைப் பார்த்ததுமே கேட்க நினைத்தாராம். மகன் இருந்ததால் கேட்கவில்லையாம்.

“மூணு தடவை இங்கன வந்தாக. தனியாத்தான். வெள்ளச் சட்டை, இஸ்திரி போட்டது. வண்டிய இதே எடத்துல நிறுத்தி, ‘பாய், சூடாகுது, என்னன்னு பாரு’ம்பாக. நான் கை வச்சுப் பாப்பேன். தரையில ஓடி வந்த சூடுதான். ‘ஒண்ணுமில்ல, தாராளமா ஏறும், போங்க’ம்பேன். ‘இல்ல பாய், இன்னொருக்காக் கை வச்சுப் பாரு’ம்பாக. மறுபடி பாப்பேன். ஒண்ணும் இருக்காது. அப்பறம் இந்தப் பெஞ்சுல உக்காந்து மலையப் பாத்துக்கிட்டே இருப்பாக. ரெண்டு டீ குடிப்பாக. பின் சீட்டுல ஒரு கூடைப் பன்னீர்த் திராட்சை இருக்கும், ஈரத்துணி போட்டு மூடி. மத்தியானம் ஆனதும் அதை எடுத்து எங்க எல்லாருக்கும் கொடுத்துருவாக. ‘மகளுக்கு வாங்கினது, வண்டி ஏறாது போலருக்கு, வாடிப்போயிரும், தின்னுங்க’ம்பாக. வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிருவாக.”

மூன்று தடவை. கம்பத்தில் கல்யாண வாடகை, கூடலூரில் கோயில் வாடகை என்று சொல்லிவிட்டுக் கிளம்பின நாட்கள். வெள்ளைச் சட்டை எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன், “கல்யாண வீட்டுக்கு அழுக்குச் சட்டையா போடுவாக?” என்று எரிந்து விழுந்தார். நானும் திருப்பி ஏசினேன்.

நான் மலைமேலிருந்து இறங்கும் அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேனா என்று கேட்டால், அதை எழுதமாட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் காதர் பாய், “திராட்சை நல்ல இனிப்புத்தா” என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுசன். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மத்தியானம் சேகர் திரும்பினான். குழாய்களிலிருந்து எடுத்ததை நினைப்பாக ஒரு பேப்பரில் மடித்து வந்திருந்தான், காய்ந்த மஞ்சள் குச்சி மாதிரித் துண்டு துண்டாக. நான் அவனை உட்காரச் சொல்லி ரெண்டையும் சொன்னேன். முதலில் மஞ்சள். அப்புறம் திராட்சை.

“வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையா போட்ட?” என்றான்.

“ஆமா.”

“நூறு கரண்டியாவது ஆகியிருக்கும்.”

“கூடவே இருக்கும். கரண்டியும் பெரிசு.”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு நடுவில் நின்றது. பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துபோய் முகம் கழுவினான். போனவன் வெகுநேரம் கழுவினான்.

ரேடியேட்டரை மாட்டினார்கள். தண்ணீரை நான் ஊற்றினேன், காதர் பாய் விட்டுக்கொடுத்தார். மறுபடி எஞ்சினைச் சூடேற்றி, கோணித்துணியை நனைத்துத் தெளித்தார். ஒரு மூலை பாக்கியில்லாமல் ஒரே சீராகக் காய்ந்தது. “இனி இதுக்குத் தண்ணியும் கூலண்ட்டும் மட்டும்தான். வேற நைவேத்தியம் கூடாது” என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டினார்.

மூன்றாம் நாள். கூடலூரில் முதல் வேலையாகத் திராட்சை வாங்கினேன். கூடையோடு வாங்கினேன். என் கைத்துண்டை நனைத்து மேலே போட்டு, பின் சீட்டில் வைத்தேன்.

காதர் பாய் கடை வாசலில் நின்று கையைக் காட்டினார், ‘போங்க, போங்க’ என்று. அவர் அப்படி மூன்று தடவை கையைக் காட்டிப் பலிக்கவில்லை. நாலாவது தடவை பலித்தது.

நாலாவது வளைவு. ஆறாவது வளைவு. நாங்கள் வைத்த கல் ஓரத்தில் அப்படியே கிடந்தது. சேகர் முள்ளைப் பார்த்தான், நான் ரோட்டைப் பார்த்தேன். குரங்குகள் சுவர்மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. எதிரே பஸ் வந்தபோது ஏற்றத்திலேயே நிறுத்தி, மறுபடி கிளப்பினோம். முள் பாதிக்குமேல் வரவில்லை. மேலே போகப் போகக் காற்று மாறியது. கீழே வேர்த்த உடம்பு மேலே சேலையை இழுத்துப் போர்த்தச் சொன்னது. திரும்பிப் பார்த்தால் நம்ம பக்கம் முழுக்கத் தெரிந்தது, குளமும் வயலும் தென்னையும். அவ்வளவு பெரிய இடத்தில் அந்தத் தகரக் கொட்டகையைத் தேடினேன். கண்ணுக்குச் சிக்கவில்லை.

குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் வேறு ராஜ்யம். கடை போர்டெல்லாம் வட்ட வட்ட எழுத்து. ஏலக்காய் வாசம் தெருவில் நிற்கிறது. புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டோம். புட்டு நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் வெல்லம் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை. குடிக்கக் கேட்டால் வெந்நீர் தருகிறார்கள், அதுவும் சிவப்பு நிறத்தில். ஏதோ பட்டை போட்டுக் கொதிக்க வைப்பதாம். நிறம் போட்ட தண்ணீரைப் பார்த்ததும் சேகர் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கடைக்காரர் காரைச் சுற்றிப் பார்த்து மலையாளத்தில் ஏதோ சொன்னார். ‘இது எங்கள் அப்பா வைத்திருந்த வண்டி மாதிரியே இருக்கிறது, இந்த வயதில் மலை ஏறிவிட்டதே’ என்று சொன்னதாகச் சேகர் சொன்னான். “ஏத்தத்துல அதுக்கு ஒரு கோளாறும் கெடையாது, எப்பவுமே கெடையாதுன்னு சொல்லு” என்றேன்.

அதற்குமேல் தேயிலை. சீப்பு வைத்து வாரின மாதிரி மலை மலையாகத் தேயிலை. பனி இறங்கி ரோட்டை மறைக்கும், விலகும். வண்டிப்பெரியாரில் ஆற்றுப் பாலம் தாண்டி, தேயிலை ஃபாக்டரிக்குப் பின்னால் சின்ன வீடு. மருமகன் ஜோஸ் ஃபாக்டரியில் இருந்தார். ஹாரனைக் கேட்டு செல்வி வெளியே வந்தாள். பழைய ஹாரன்தான், அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைக்க அவள் அப்பா அடிப்பது.

வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. முதலில் டிரைவர் சீட்டைப் பார்த்தாள். அங்கே சேகர் இருந்தான். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

கிட்டே வந்து பானெட்டில் கையை வைத்தாள். உடனே எடுத்தாள். “சூடா இருக்கும்மா” என்றாள்.

“மலை ஏறின சூடு” என்றேன்.

பின் சீட்டுக் கூடையைத் தூக்கினதும் ஈரத்துணியை விலக்கினாள். ஒரு பழத்தை வாயில் போட்டாள். சின்னப் பிள்ளையில் மாதிரியே கொட்டையோடு மென்றாள். “எனக்குப் பன்னீர்த் திராட்சைன்னா உசுருன்னு ஞாபகம் வச்சிருக்கியேம்மா” என்றாள்.

ஞாபகம் வைத்திருந்தது நான் இல்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். “வழியில வித்தாக” என்றுதான் வந்தது. அப்புறம் காப்பி வந்தது, மருமகன் வந்தார், மீன்குழம்பும் மரவள்ளிக்கிழங்கும் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் எதைப் பேச? மறுநாளும் ரெண்டு தடவை அடுக்களைவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவர் லோயர் கேம்ப்வரை வந்து திரும்பினதை நினைத்துக்கொண்டேன். அவரை ஏசுவதற்கு எனக்கு இனிமேல் வாய் கிடையாது.

பேத்தி லிஸிக்கு ஒன்பது வயது. அவளை இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாள் செல்வி. வீட்டில் எல்லாரும் மலையாளம் பேசும்போது எதற்கு என்று கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் லெட்டர் போட்டா பேத்தியும் வாசிக்கணுமேன்னுதான் அப்பச் சேத்தேன்” என்றாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. பதினோரு வருஷமாக நாங்கள் ஒரு லெட்டர் போடவில்லை.

அதனால்தான் லிஸியிடம் பழைய நோட்டு ஒன்றை வாங்கி, தினம் காலையில் உட்கார்ந்து இதை எழுதினேன். என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஒற்று விட்டிருப்பேன், புள்ளி வைக்க மறந்திருப்பேன்.

லிஸி, கண்ணு, இங்கன வா. உங்கம்மா அடுக்களையில் இருக்கிறாள். நீ கதவுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி, எனக்கு அவசரமில்லை. லோயர் கேம்ப் பெஞ்சு வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி.